வெள்ளம் வராத டெல்டா

எட்மன்டன், கனடா

அன்புள்ள மாலதி,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? பதில் போடவில்லை என்று நீ திட்டியதெல்லாம் சுகந்தி மூலம் வந்து சேர்ந்துவிட்டது. அவள் இன்னும் ஹாஸ்டல் மாடியிலிருந்து கீழே கூப்பிடுகிற குரலில்தான் போனில் பேசுகிறாள். உன் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றும் சொன்னாள். சந்தோஷம். சொட்டு மருந்தை ஒழுங்காக விடச் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் மாப்பிள்ளை லீவு போட்டு எங்களை வடக்கே உட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். போய் வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இங்கே யாரிடம் பேசினாலும் 'ஃபோட்டோ எடுத்தீர்களா' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

பூங்கா என்றதும் மலர்ப் பாத்தியும் ஊஞ்சலும் நினைக்காதே. 44,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கேரளா முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ரோடு பேருக்குத்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் ஸ்புரூஸ் மரமும் ஆஸ்பென் மரமும் மட்டுமே. சதுப்பில் நிற்கிற கறுப்பு ஸ்புரூஸ் என் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை, ஆனால் நூறு வயதைத் தாண்டியதாகவும் இருக்குமாம். குளிரும் சேறும் வளர விடுவதில்லை. உதிர்ந்த பாசி மட்கவும் மாட்டேன் என்று அடியிலேயே ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்துகொண்டு போகிறது. இந்த வடகாடுகள் கார்பனைப் பிடித்து வைத்திருப்பது மரத்தில் கொஞ்சம்தான், காலடி மண்ணில்தான் மிகுதி.

உப்புச் சமவெளி என்று ஓர் இடம். பழைய கடல் ஒன்று விட்டுப்போன உப்பு, ஊற்று நீரோடு மேலே வந்து வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். அந்தச் சேற்றில் ஓநாய்க் கால்தடம், பைசன் என்கிற காட்டெருமையின் குளம்பு, நாரையின் மூன்று விரல் எல்லாம் அச்சு அச்சாக இருந்தன. ஓரத்தில் சிவப்பாக ஒரு செடி. குனிந்து பார்த்தால் சாலிகார்னியா! வேதாரண்யம் டூரில் நீ கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அந்த உமரிக்கு ஒன்றுவிட்ட தங்கை. கடலே இல்லாத காட்டுக்கு நடுவில் அதைப் பார்த்ததும் உன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன்.

பைசனையும் பார்த்தோம். இணைசேரும் பருவம். ரோட்டோரப் புழுதியில் ஒரு கிடா புரண்டு எழுந்து, நாக்கை நீட்டி உறுமியது. கார்க் கண்ணாடி அதிர்ந்தது. 1922இல் இந்தப் பூங்காவை அமைத்ததே மிச்சமிருந்த வன பைசனைக் காப்பாற்றத்தான். அப்புறம் செய்த காரியத்தைக் கேள். தெற்கே வெயின்ரைட்டில் சமவெளி பைசன் பெருத்துவிட்டது என்று 1925இலிருந்து 1928க்குள் 6,600க்கும் மேற்பட்டவற்றை ரயிலிலும் படகிலும் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். வேண்டாம் என்று விலங்கியலாளர்கள் அப்போதே எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. வந்தவை காசநோயையும், கருவைக் கலைக்கிற புருசெல்லோசிஸ் நோயையும் கொண்டுவந்தன. இனமும் கலந்தது. அந்த நோய்கள் இன்றுவரை மந்தையில் இருக்கின்றன.

ஆனால் பாதுகாப்பு பலிக்கும் என்பதற்கும் இதே காடுதான் சாட்சி. ஊப்பிங் கிரேன் என்கிற கொக்கு தெரியுமல்லவா? ஐந்தடி உயரம், வெள்ளை உடம்பு, செந்தலை. 1941இல் உலகத்திலேயே இருபது சொச்சம்தான் மிஞ்சியிருந்தன. குளிர்காலத்தில் டெக்சஸ் கரைக்கு வருவது தெரியும், எங்கே முட்டையிடுகின்றன என்பது தெரியாது. வருஷக்கணக்கில் தேடினார்கள். 1954இல் காட்டுத் தீயைப் பார்த்துவிட்டு ஹெலிகாப்டரில் திரும்பியவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டது. இந்தப் பூங்காவின் சதுப்பில்தான்! கூட்டுக்கு இரண்டு முட்டை, பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அப்படி ஒவ்வொன்றாகக் கூடி இப்போது இங்கே வந்து போகிற கூட்டம் மட்டும் 500க்கு மேல். கூடுகட்டுகிற பக்கம் யாரையும் விடுவதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. பார்க்காமல் வந்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, மாலதி. விடாமல் வைத்திருக்கிறார்களே என்றுதான் இருந்தது.

என்னைத் தூங்கவிடாதது தண்ணீர். பூங்காவின் தெற்கே பீஸ் ஆறும் அத்தாபாஸ்கா ஆறும் சேர்கிற இடத்தில் உள்நாட்டு டெல்டா ஒன்று விரிந்து கிடக்கிறது. நீ டெல்டாக்காரி, உனக்கு அணை பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை என்று அழுவீர்கள், இங்கே வெள்ளம் வரவில்லை என்று அழுகிறார்கள். வசந்தத்தில் பனிப்பாளம் உடைந்து ஆற்றை அடைத்துக்கொள்ளும். பின்னால் தேங்கிய நீர் கரை மீறி, மேட்டில் இருக்கிற குட்டைகளை நிரப்பும். அந்தக் குட்டைகளுக்கு வேறு வழியே கிடையாது. 1968இலிருந்து மேலே பிரிட்டிஷ் கொலம்பியாவில் பென்னட் அணை. வசந்த நீரைப் பிடித்து வைத்து, மின்சாரத்துக்காகக் குளிர்காலத்தில் திறக்கிறார்கள். ஆறு உயரமான மட்டத்தில் உறைகிறது, முன்போல் அடைப்பு விழுவதில்லை. பனியும் குறைந்துகொண்டே வருகிறது. குட்டைகள் வற்றிப் புதராகின்றன. அவற்றை நம்பியிருந்த மஸ்க்ரேட் என்கிற நீரெலி குறைந்தது, அதைப் பிடித்துப் பிழைத்த குடும்பங்களும் தொழிலை விட்டன. போதாததற்கு அதே ஆற்றில் சைட் சி என்று இன்னோர் அணை கட்டி 2024இல் நீர் நிரப்பிவிட்டார்கள். பூங்காவின் எல்லைக் கல் ஒன்றுகூட நகரவில்லை. உள்ளே இருக்கிற ஈரம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

இதைத் தட்டிக் கேட்டது யார் தெரியுமா? அந்த டெல்டாவின் பூர்வகுடிகளான மிக்கிசூ க்ரீ மக்கள். 2014இல் நேரே யுனெஸ்கோவுக்கு எழுதினார்கள், 1983இல் உலகப் பாரம்பரியம் என்று பட்டம் கொடுத்தீர்களே, வந்து பாருங்கள் என்று. 2016இல் குழு வந்து பார்த்தது. அதன் பிறகுதான் அரசாங்கம் அசைந்து 2019இல் ஒரு செயல்திட்டம் போட்டது. இந்தப் பூங்காவின் பெயரால் முன்பு அடிபட்டவர்கள் இந்த மண்ணின் மக்கள்தான். 1926இல் பூங்காவை விரித்தபோது அனுமதிச் சீட்டு என்று ஒன்றை வைத்து, டெனே குடும்பங்கள் பலவற்றைச் சொந்தக் காட்டுக்குள் வேட்டைக்கு வரக்கூடாது என்று விரட்டினார்கள். அதே பூங்காவில் மரம் வெட்டுகிற கம்பெனிக்கு 1990களின் தொடக்கம் வரை அனுமதி இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லையடி.

அதனால்தான் கிரேட் ஸ்லேவ் ஏரிக் கரையில் தைடெனே நெனே என்ற இடத்தைப் பற்றி அறிந்தபோது அவ்வளவு ஆறுதல். 1970 வாக்கில் அங்கே பூங்கா வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டபோது லுட்செல் கே கிராமத்து டெனே மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு தங்கள் நிபந்தனையில் பேசி, 2019இல் 26,000 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள். வேட்டை உரிமை அவர்களுடையது, நிர்வாகத்தில் சம பங்கு, ரோந்து போவது அவர்கள் பிள்ளைகள். காட்டைக் காப்பது என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

வீட்டில்தான் சிக்கல். மாப்பிள்ளைக்கு வேலை எங்கே என்று உனக்குத் தெரியும். அத்தாபாஸ்காவின் மேல்பக்கம் எண்ணெய் மணலை வெட்டி வெந்நீரில் கழுவுகிற இடம். கழிவுநீர்க் குளங்கள் ஆற்றோரத்திலேயே பரந்து கிடக்கின்றன. திரும்பி வரும்போது காரில் பேச்சு அதில் போய் நின்றது. அவர் கோபப்படவில்லை. "அத்தை, அந்தப் பூர்வகுடி மக்கள் நடத்துகிற கம்பெனிகளும் எங்களிடம் கான்ட்ராக்ட் எடுக்கின்றன. அவர்கள் என்ன செய்ய முடியும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். உண்மைதான். நிலத்துக்கும் கூலிக்கும் நடுவில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று கேட்க வந்து, பின்சீட்டில் பேத்தி தூங்குவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். ஒன்றை மட்டும் அவரும் ஒத்துக்கொண்டார்: பூங்காவின் தெற்கே 2019இல் கித்தாஸ்கினோ நுவெனெனே என்று மாகாணம் ஒரு பாதுகாப்பு வளையம் அமைத்தபோது சில நிறுவனங்களே குத்தகையை விட்டுக்கொடுத்தன. ஆக, விட முடியும். மிச்ச ஆற்றோரத்துக்கும் அதைக் கேட்டு மாகாண உறுப்பினருக்கு எழுதப் போகிறேன். மாப்பிள்ளை வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று மகள் பயப்படுகிறாள். அவள் பயம் நியாயம்தான். ஆனாலும் எழுதுவேன்.

நீ கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை மனு எழுதியவள். எடுத்த எடுப்பில் கோபத்தைக் காட்டலாமா, விவரத்தை வைத்துவிட்டுக் காட்டலாமா? இந்த மாதத்துக்குள் பதில் போடு. சுகந்தியிடம் சொல்லி அனுப்பாதே, அவள் பாதியை மாற்றிவிடுவாள்.

அன்புடன்,
ஹேமா