வின்னிபெக்கைத் திட்டும் பாட்டு

வின்னிபெக், கனடா,
ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்க எல்லாரும் சுகம். மதினிக்கு முழங்கால் வலி தேவலையா?

குளிரைப் பத்திக் கேட்டிருந்தீங்க. இன்னைக்குக் காலையில மைனஸ் 31. ராத்திரி எஞ்சின் சூடு ஆறாம இருக்கக் காரை வயர் போட்டுக் கரண்டுல மாட்டி வைக்கலைன்னா மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. குளிர்க்கதை இவ்வளவு போதும், பாட்டுக்கு வர்றேன்.

இந்த ஊர் ஆளுங்க என்னதான் கேட்பாங்கன்னு கேட்டீங்கள்ல? தி வீக்கர்தான்ஸ்னு உள்ளூர்க் குழு ஒண்ணு இருந்துச்சு. 1997-ல ஆரம்பிச்சாங்க, இப்போ கலைஞ்சு போச்சு. எழுதிப் பாடினவர் ஜான் கே. சாம்சன், இதே ஊர்க்காரர். 2003-ல வந்த அவங்க ஆல்பத்துல ‘ஒன் கிரேட் சிட்டி!’ன்னு ஒரு பாட்டு. ‘மாபெரும் நகரம்’னு இந்த ஊர் தனக்குத்தானே வெச்சுக்கிட்ட விளம்பர வாசகம் அது. ஆனா ஒவ்வொரு சரணமும் வந்து முடியிறது, ‘எனக்கு வின்னிபெக்கைப் பிடிக்கவே இல்லை’ங்கிற இடத்துல!

ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். சாயங்கால நேரம். எல்லாம் ஒரு டாலர்னு விக்கிற கடையில வேலை பார்க்கிறவங்க கல்லாவை எண்ணிக்கிட்டே, வாய் வரைக்கும் வந்த அந்த வார்த்தையை அடக்கிக்கிறாங்க. அவங்க எண்ணுற டாலர் காசு 1987-லேர்ந்து இதே ஊர் நாணயச்சாலையில அடிக்கிறதுதான். அடுத்த சரணத்துல பஸ் ஏழு நிமிஷம் லேட். உள்ளே நெருக்கியடிச்சு நிக்கிறவங்க ஊரோட பெருமைகளையே ஏசுறாங்க. தி கெஸ் ஹூ ராக் குழுவா, அது தண்டம். ஜெட்ஸ் ஹாக்கி டீமா, அது முன்னாடியே உருப்படாத டீம். ஜெட்ஸ் 1996-ல ஊரை விட்டுப் போயிருந்துச்சு, அந்தக் கடுப்பு. 2011-ல அதே பேர்ல வேற டீம் வந்தது தனிக்கதை.

சுரங்க நடைபாதையில ஆயிரம் முழங்கை இடிக்குதுன்னு ஒரு வரி வரும். ஊர் நடுவுல இருக்கிற போர்டேஜ் – மெயின் தெருச் சந்திப்பை ஆளுங்க நடந்து கடக்கக் கூடாதுன்னு 1979-ல தடுப்பு கட்டிட்டாங்க. அதுலேர்ந்து எல்லாரும் கீழே இறங்கித்தான் போகணும். நானும் அப்படி இடிபட்டுத்தான் ஆபீஸ் போய்க்கிட்டு இருந்தேன். போன ஜூன்லதான் மேலே திறந்துவிட்டாங்க. ஆனா இந்தக் குளிருக்கு நான் இன்னமும் கீழேதான் போறேன்!

மூணாவது சரணத்தைக் கவனிச்சுக் கேளுங்க. சட்டமன்றக் கூரை உச்சியில தங்க முலாம் பூசின ஒரு பையன் சிலை நிக்குது, முகம் வடக்கு பார்த்து. வடக்கே நார்த் எண்ட். காலங்காலமா பிழைக்க வந்தவங்க குடியேறுற பகுதி, நாங்களும் அங்கேதான் வாடகைக்கு இருக்கோம். அந்தப் பகுதி சாகிறதைப் பார்த்துக்கிட்டே ‘இந்த ஊர்னா எனக்கு உயிர்’னு சிலை பாடுது. பாட்டு முழுக்க ஊரைப் பிடிக்கும்னு சொல்றது அது ஒண்ணுதான். சொன்ன கையோட, கட்டடம் இடிக்கிற இரும்புக் குண்டையும் வீசுது. இதை எழுதின ஆளுக்குக் கோயில்பட்டியில ஒரு மாலை போடலாம்ணே.

எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா கார்க் கண்ணாடியில ஐஸைச் சுரண்டும்போதெல்லாம் இதைத்தான் முணுமுணுப்பாங்க. டொராண்டோலேர்ந்து வந்த ஒருத்தர் ‘என்ன ஊருங்க இது’ன்னு சலிச்சுக்கிட்டதுக்கு அவரைப் பிடிபிடின்னு பிடிச்சதும் அதே அக்காதான். தண்ணி வரலைன்னு தினமும் நம்ம ஊரை ஏசுற அப்பா, மெட்ராஸ் மாமா ஒரு வார்த்தை சொன்னா சண்டைக்குப் போவாரே, அதே கதைதான்.

பாட்டை உங்க வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன். மூணு நிமிஷம்தான் வரும். போன் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க, கிட்டார் விரல் நடை போயிடும். கொடைக் கச்சேரியில இதை எடுத்துடாதீங்க, கல்லெறிவாங்க. வீட்டுல வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்புங்க. மூணாவது சரணத்தை மட்டும் விட்டுடாதீங்க.

அன்புடன்,
தங்கச்சி