நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் முடிவுகளைத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். கிரிக்கெட் செய்திகளுக்கு நடுவே அதற்கும் இடம் கொடுத்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால் டைம் ட்ரையல் பிரிவில் யாருக்குத் தங்கம், யாருக்கு வெள்ளி, எந்த மாநிலம் என்று போட்டவர்கள், யார் எத்தனை நிமிடம், எத்தனை விநாடியில் ஓட்டி முடித்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். பந்தயம் எத்தனை கிலோமீட்டர் என்பதும் இல்லை. கபடி முடிவைப் புள்ளிகள் இல்லாமல் போடுவோமா?

டைம் ட்ரையல் என்றால் குறைந்த நேரத்தில் ஓட்டி முடித்தவருக்கே வெற்றி. மற்ற சாலைப் பந்தயங்களைப் போல இதில் எல்லாரும் கூட்டமாகப் புறப்படுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இடைவெளி விட்டுத் தனித்தனியாக அனுப்புவார்கள். முன்னால் போனவரை எட்டிப் பிடித்துவிட்டாலும் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி ஓட்டக் கூடாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் உடம்பின் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். அதை ஒவ்வொருவரும் தனியாகத்தான் தள்ள வேண்டும். முதலில் போனவர் திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பார். அதுவரை யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை.

நான் பெங்களூரு ஜாலஹள்ளியில் இருந்த எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் அசெம்ப்ளி பிரிவில் வேலை பார்த்தவள். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் விநாடிக்கு ஐந்து டிக் அடிக்கும். அந்தச் சத்தத்தைக் காதோரம் வைத்துக் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு ஒரு விநாடி என்பது சின்ன விஷயமாகத் தோன்றியதே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் டைம் ட்ரையலில் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் ஒன்றரை நிமிடத்துக்கும் அதிக வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார். அடுத்து வந்த பிரிட்டனின் அன்னா ஹெண்டர்சனுக்கும் அமெரிக்காவின் க்ளோயி டைகர்ட்டுக்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை. என் பழைய வாட்ச் கணக்கில் நான்கு டிக். அன்று மழை. டைகர்ட் ஒரு வளைவில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓட்டி வந்தார். 'பிரவுன் தங்கம், ஹெண்டர்சன் வெள்ளி, டைகர்ட் வெண்கலம்' என்று மட்டும் படித்தவர்களுக்கு இதில் எது தெரிந்திருக்கும்?

பல நாள் ஓட்டி, எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்யும் பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் 1989-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, கடைசி நாளான பாரிஸ் டைம் ட்ரையலுக்கு வந்தபோது லாரன் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். 24.5 கிலோமீட்டரில் கிரெக் லெமாண்ட் அதை அழித்துவிட்டு, மொத்தத்தில் வெறும் 8 விநாடியில் டூரையே ஜெயித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த எட்டு விநாடியைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் பேத்தி. பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனஹள்ளிப் பக்கம் பிள்ளைகள் தங்களுக்குள் நடத்தும் டைம் ட்ரையலுக்கு அவளோடு நானும் போகிறேன். நேரம் குறிப்பவர்களில் நானும் ஒருத்தி. விடிவதற்கு முன்பே பனியில் நிற்போம். ஒரு பையன் சீட்டுக்கு அடியில் கை கொடுத்து வண்டியைப் பிடித்துக்கொள்வான். ஓட்டுகிறவளின் இரண்டு காலும் பெடலில் பூட்டியிருக்கும், தரையில் ஊன்ற முடியாது. "ஐது, நால்கு, மூரு" என்று கன்னடத்தில் விரல் மடக்குவார்கள். ஒவ்வொரு விரலுக்கும் அவள் தோள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். அப்புறம் சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்கும். நோட்டில் எண்ணை எழுதிவிட்டு நிமிர்வதற்குள் பின்விளக்கு சின்னப் புள்ளியாகிவிடும்.

போன வருஷம் 20 கிலோமீட்டரை அவள் 34 நிமிடம் 50 விநாடியில் முடித்தாள். ஒன்பதாவது இடம். இந்த வருஷம் அதே சாலையில் 33 நிமிடம் 2 விநாடி. அதற்கும் ஒன்பதாவது இடம்தான், ஏனென்றால் மற்ற பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லையே. இடத்தை மட்டும் கேட்ட சொந்தக்காரர்கள் "அப்படியேதான் இருக்கிறாளா?" என்றார்கள். ஒரு நிமிடம் 48 விநாடியைக் குறைக்க அவள் எத்தனை விடியற்காலை எழுந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

இதே பெங்களூருவில் தங்கிப் பயிற்சி எடுத்து, தேசிய டைம் ட்ரையல் பட்டத்தைப் பலமுறை வென்றவர் நவீன் ஜான். 2016-இல் தோஹாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் டைம் ட்ரையலில் அவரும் அரவிந்த் பன்வாரும் இந்தியாவுக்காக ஓட்டினார்கள். அங்கே 40 கிலோமீட்டரை ஜெர்மனியின் டோனி மார்ட்டின் 44 நிமிடம் 42 விநாடியில் முடித்தார். நம்மவர்கள் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்தார்கள். அது தோல்விச் செய்தியாகப் போய்விடாமல், இன்னும் எத்தனை நிமிடம் குறைக்க வேண்டும் என்று அடுத்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள அந்த நேரங்கள்தான் வழி. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பயிற்சியாளர் இல்லாமல் ஓட்டும் ஒரு பெண், உங்கள் பத்திரிகையில் தேசியப் போட்டியின் தூரமும் நேரமும் பார்த்தால், கையில் ஒரு போனை வைத்துக்கொண்டே தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடுவாள்.

காற்று, மேடு, தார் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும், ஒரு சாலையின் நேரத்தை இன்னொரு சாலையோடு அப்படியே ஒப்பிட முடியாது என்று சொல்வார்கள். சரிதான். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நம் ஊரில் காற்றின் அடர்த்தி குறைவு, சென்னையைவிட இங்கே கொஞ்சம் வேகம் கிடைக்கும். அதனால்தான் நேரத்தோடு ஊரையும் தூரத்தையும் போடச் சொல்கிறேன்.

உங்கள் பத்திரிகையில் வந்த முடிவை என் பேத்தி வெட்டித் தன் நோட்டில் ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, உள்ளே பென்சிலில் 'நேரம்?' என்று எழுதியிருக்கிறாள். ஆண், பெண், ஜூனியர் எல்லாம் சேர்த்து ஒன்பது கட்டம், ஒன்பதும் காலி. நடுவர்கள் தரும் முடிவுத்தாளில் பெயருக்கு நேராகவே நேரமும் இருக்கும், செய்தியில் இரண்டு வரிதான் கூடும். இந்த முறை வந்த நேரங்கள் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், வரும் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்திலாவது ஒரு மூலையில் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.