உட்கார ஒரு ஸ்டூல்: குமரி மாவட்ட வணிகர் சங்கங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு துணிக்கடை நடத்துகிறேன். வேலைக்கு மூன்று பெண்பிள்ளைகள். கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்துவிட்டால் இதைப் பேச ஒருவருக்கும் நேரமிருக்காது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2018-லேயே வந்தாயிற்று. கோழிக்கோட்டில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி வாங்கியது அது. நம் கடைவீதியில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஸ்டூல் கிடக்கும், அதன்மேல் துணிக்கட்டு இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்தால் கடை மந்தமாகத் தெரியுமாம். சேலை எடுக்க வருகிறவர் கரையைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார். காட்டுகிற பிள்ளை முன்பு உட்கார்ந்திருந்தாளா என்று யார் பார்த்தார்கள்? காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே இருந்தால் கால் வீங்குகிறது, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைக்கிறது.

அதைவிடப் பெரிய சங்கடம் கழிப்பறை. பத்தடிக் கடையில் அதற்கு இடமேது? பக்கத்து ஹோட்டலில் ஒருநாள் விடுவார்கள், மறுநாள் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பயந்தே பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், மாத்திரை. மாதவிடாய் நாளில் லீவு கேட்டால் சோம்பல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போக ஒரு இடமிருந்தால் பாதிப்பேர் லீவே கேட்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நம் கதையும் பெரிய வித்தியாசமில்லை. முதலாளி என்று பேர். மத்தியானச் சோறு நாலு மணிக்கு, சுகர் மாத்திரை ஞாபகம் வந்தால். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கட்டாயமில்லை. அதனால் அவர்களுக்கு அது இல்லை; முதலாளி என்பதால் நமக்கும் இல்லை.

ஸ்டூலை நானே வாங்கிப் போட்டுவிட்டேன், அதற்குச் சங்கம் வேண்டாம். ஆனால் கழிப்பறை ஒரு கடையால் ஆகாது. வாரத்தில் ஒருநாள் அடைப்பதும் அப்படித்தான்; நான் அடைத்தால் எதிர்க்கடைக்கு ஆள் போகும், எல்லோரும் சேர்ந்து அடைத்தால் யாருக்கும் நட்டமில்லை.

எங்கள் வரிசையில் உள்ளவர்கள் வாடகையைப் பங்கிட்டுத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். தண்ணீர் வசதியுள்ள ஓர் அறையைச் சங்கத்தின் பெயரில் பேசித் தாருங்கள். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நம்மைக் கேட்காமல் அந்தப் பிள்ளைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்துத் துணிக்கடைக்காரன்