அப்பா போட்ட பட்டை

அன்பு மகன் மகேஷுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணின நேரம் நம் பந்தல் கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "வண்டிக்கு வயசாயிடுச்சும்மா, வித்துட்டு வேற எடு, பணம் போடறேன்" என்று நீ சொன்னதற்கு, "பார்க்கலாம்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மறுநாளே பணமும் வந்துவிட்டது. அந்தப் பணத்தில் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோர்வையாக வராது, நீயும் நடுவில் கோபப்படுவாய். அதனால் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பெண் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

நம் டாடா 207 சாமான் வண்டியை விற்கவில்லை. பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றிவிட்டேன். ஸ்பிரிங் என்றால் சுருள் இல்லை, வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். புழலில் ஒரு கல்யாணம் முடிந்து, சாமியானா பைப், மேடைப் பலகை, அண்டா, நாற்காலி எல்லாம் ஏற்றிக்கொண்டு டிரைவர் முருகன் வந்துகொண்டிருந்தான். மாதவரம் ரவுண்டானா தாண்டி மூலக்கடைக்கு வரும் வழியில் ஒரு பள்ளம். இறங்கி ஏறும்போது டயர் வெடித்த மாதிரி சத்தம். இறங்கிப் பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி இடப்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகுகிற வாசனை. பாதிச் சாமானை அங்கேயே ஒரு டீக்கடை வாசலில் இறக்கி, பையனைக் காவல் வைத்துவிட்டு, மாட்டு வண்டி வேகத்தில் பெரம்பூர் வந்து சேர்ந்தான். அவன் வந்து சேருகிற வரைக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பின்னால் பலகை மேல் ரெண்டு பிள்ளைகள் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள், மகேஷ். இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள்.

வண்டி திடீரென்று இப்படிச் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ரெண்டு மாதமாகவே காலி வண்டி சமதரையில் நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை வைத்து அளந்து பார்த்தேன். வலப்பக்கம் ஒரு சாண், இடப்பக்கம் நாலு விரல். ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது என்று முருகனும் சொன்னான். லோடு ஏற்றினால் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரத்தில் விழுகிறது என்றான். தை மாதம், வரிசையாக முகூர்த்தம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது நான்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூலக்கடையில் ஒரு பாய் வைத்திருக்கிற ஸ்பிரிங் பட்டறைக்கு நானே வண்டியோடு போனேன். அங்கே பெண்கள் யாரும் வந்து உட்கார்வதில்லை போலிருக்கிறது. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நகரவில்லை. உன்னைக் கடைப்பக்கமே விடாமல் படிக்க வைத்தோம், உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. எனக்கும் அன்றைக்கு வரை தெரியாது.

முதலில் சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கினார்கள். ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்ஸிலுக்குத் தனியாக ஜாக்கி. அப்போதுதான் ஸ்பிரிங் மேல் பாரம் இல்லாமல் தொங்கும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கிற யு போல்ட்டு நட்டெல்லாம் துருப்பிடித்துக் கல்லாகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, கடைசியில் கேஸ் கட்டிங் வைத்துத்தான் வெட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு நம் தெருவில் முழங்கால் தண்ணீரில் இந்த வண்டி மூன்று நாள் நின்றது, ஞாபகம் இருக்கிறதா? பட்டைகளுக்கு நடுவில் போன அந்தத் தண்ணீர் காயவே காயாது என்றார் பாய். துரு அரித்த இடத்தில் சின்னக் குழி விழும், விரிசல் அந்தக் குழியிலிருந்துதான் கிளம்பும்.

ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் போட்டு, நடுவில் இருக்கிற சென்டர் போல்ட்டை எடுப்பதற்கு முன்னால் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு வேறாம். கீழே போகப் போக வளைவு கூடும். எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கினால்தான் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் போல்ட்டை எடுத்தால் துள்ளிவிடும். மெதுவாகத் தளர்த்த, விசிறி மாதிரி பிரிந்தது. செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது. மேல் பட்டையில் கீழ்ப் பட்டையின் நுனி உரசி உரசி, விரல் வைத்தால் பதிகிற அளவுக்குப் பள்ளம்.

ரெண்டாம் பட்டைதான் உடைந்திருந்தது. சரியாக நடுவில், சென்டர் போல்ட் ஓட்டை வழியாக. அந்த உடைந்த துண்டை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெட்டு வாயில் பாதி டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. மீதிப் பாதி, இப்போதுதான் சபீனா போட்டுத் தேய்த்த எவர்சில்வர் மாதிரி பளபளவென்று இருந்தது. "அக்கா, கறுத்துக் கிடக்கிற எடம் எப்பவோ விட்டுப் போச்சு. பளபளன்னு இருக்கு பாருங்க, அது நேத்து ராத்திரி விட்டது" என்றார். அவ்வளவு நாளாகப் பாதிப் பட்டையில்தான் அந்தப் பிள்ளைகளையும் சாமானையும் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் நடுவில் உடைந்தது என்று கேட்டேன். யு போல்ட் லூஸாக இருந்தால்தான் அங்கே உடையும் என்றார். யு போல்ட் இறுக்கமாக இருக்கிற வரைக்கும் பட்டையின் நடுப்பகுதி வளையவே வளையாது, ஆக்ஸிலோடு ஒன்றாக நிற்கும். தளர்ந்துவிட்டால் அந்த இடமும் வளைய ஆரம்பிக்கும். ஓட்டை போட்ட இடம் இல்லையா, அதுதான் முதலில் போகும்.

அதைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஐப்பசியில் வேறொரு பட்டறையில் இந்த இடப்பக்க ஸ்பிரிங்கைத்தான் கழற்றி, உலையில் வைத்து, அடித்து வளைவு ஏற்றி மாட்டினோம். செலவு குறைவு என்று ஒரு பக்கம் மட்டும். வண்டியை எடுக்கும்போது, "500 கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க, யு போல்ட் திரும்ப முறுக்கணும்" என்று அந்த ஆள் சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது. நான் அனுப்பவில்லை. நீ வண்டிக்கு வயசாகிவிட்டது என்கிறாய். வண்டியின் வயதால் இது உடையவில்லை, மகேஷ்.

இனிமேல் என்ன செய்யலாம் என்று பேசினோம். மறுபடி சூடு பண்ணி வளைக்கலாமா என்று முருகன் கேட்டான். இது சிலிக்கான், மாங்கனீஸ் கலந்த எஃகு. சிவக்கச் சுட்டு, எண்ணெயில் குளிரவைத்து, திரும்ப அளவான சூட்டில் பதம் கொடுத்தால்தான் நிற்குமாம். பதம் தவறினால் ஒன்று வளைவு போய்ப் படுத்துவிடும், இல்லை உடையும். போன முறை நாலே மாதத்தில் படுத்தது அதனால்தான். புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்கும், விலை பாதிதான் என்றும் ஒருவர் சொன்னார். அது எந்த வண்டியில் எத்தனை வருஷம் எவ்வளவு சுமந்ததோ, யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றுவிட்டேன். உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டிலிருந்து நம் 207-க்கு உரிய புது செட்டே வரவழைத்தோம், ரெண்டு பக்கத்துக்கும். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் அது நிமிர்ந்து நிற்கும், பழையது அமுங்கும். வண்டி ஆயுசுக்கும் கோணலாகத்தான் ஓடும். ஸ்பிரிங்கை வண்டியோடு மாட்டுகிற புஷ், பின், ஷேக்கிள், யு போல்ட் எல்லாமே புதிது. ஒருமுறை இறுக்கின யு போல்ட் நீண்டுவிடும், அதைத் திரும்பப் போடக் கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

2014-ல் பெரிய பந்தல் வேலை எடுக்க ஆரம்பித்தபோது, அப்பா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். நீ ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். அதை மாட்டிக்கொண்டு வந்த அன்று, "இனிமே எவ்வளவு வேணா ஏத்தலாம்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். உன் காலேஜ் ஃபீஸ் அந்த லோடில்தான் வந்தது. அவர் போன பிறகு வண்டியில் என்ன வேலை பார்த்தாலும் அந்தப் பட்டையை மட்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் கை வைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

புது செட்டோடு அதையும் சேர்த்து மாட்டச் சொன்னேன். பாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போடச் சொன்னா போடறேன்க்கா. வண்டி நிமிர்ந்து நிக்கும், அவ்வளவுதான். பிரேக் அதே பிரேக், டயர் அதே டயர், ஆக்ஸில் அதே ஆக்ஸில்" என்றார். காலியாகப் போகும்போது வண்டி தூக்கித் தூக்கிப் போடுவதும், அந்த அடி முழுக்க சேஸில் இறங்குவதும் அந்தக் கூடுதல் பட்டையால்தான் என்று, ஸ்பிரிங் மாட்டுகிற பிராக்கெட் பக்கம் விட்டிருந்த மயிரிழை விரிசலையும் டார்ச் அடித்துக் காட்டினார். அதை வெல்டு பண்ணி இரும்புப் பட்டி கொடுத்தது தனி வேலை.

அப்பாவின் பட்டையைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்பா தப்பு செய்தார் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு நமக்கு வேறு வழி இல்லை. ரெண்டாவது ட்ரிப்புக்கு டீசல் போடக் காசு இருக்காது. இன்றைக்கு இருக்கிறது. ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு, காலி வண்டி எவ்வளவு என்று போட்டிருக்கிறது. கழித்துப் பார்த்து வருகிற கணக்கை ஒரு அட்டையில் எழுதிக் கடையில் மாட்டிவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ரெண்டு கிலோவுக்கு மேல். 300 நாற்காலி என்றாலே 600 கிலோ தாண்டிவிடுகிறது. நாம் அதன் மேல் பைப்பையும் பலகையையும் போட்டுக்கொண்டிருந்தோம். 2019-ல் சட்டத்தைத் திருத்தின பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அது கிடக்கட்டும், பலகை மேல் உட்கார்ந்து வருகிற பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பெரிய ஆர்டருக்கு இனி ரெண்டு ட்ரிப், ஆட்கள் ஷேர் ஆட்டோவில். வாடகையில் அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருவர் மட்டும் வேறு கடைக்குப் போனார், போகட்டும்.

மாட்டும்போதும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் இருக்கிற குழியில் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் ஆக்ஸில் கோணலாகிவிடும். யு போல்ட் நட்டை ஒரே பக்கமாக முறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஸ்பிரிங்கின் முன்பக்க வளையத்திலும் ஷேக்கிளிலும் இருக்கிற நட்டுகளை மட்டும் அரைகுறையாக விட்டுவிட்டு, வண்டியைக் கீழே இறக்கி, சக்கரம் தரையில் பாரம் வாங்கின பிறகுதான் கடைசி முறுக்கு கொடுத்தார்கள். தொங்கும்போதே இறுக்கினால் புஷ்ஷில் இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். திரும்ப அளந்தேன். ரெண்டு பக்கமும் ஒரு சாண், அதற்கு மேல் ரெண்டு விரல்.

நீ அனுப்பினதில் பாதிகூடச் செலவாகவில்லை. பின்னால் ரெண்டு டயர் உள்பக்கம் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். மீதி பேங்கில் இருக்கிறது. பங்குனியில் எஃப்.சி., அதாவது வண்டித் தகுதிச் சான்று புதுப்பிக்கிற வேலை வருகிறது, 8 வருஷம் தாண்டின வண்டி, வருஷா வருஷம் காட்ட வேண்டுமே, அதற்கு ஆகும்.

அப்பாவின் பட்டை ஒன்றைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டேன். இன்னொன்றை செங்குன்றம் பக்கம் ஒரு கொல்லரிடம் கொடுத்திருக்கிறேன். லாரிப் பட்டையில் அடித்த அருவாமனை லேசில் மழுங்காது. நம் சமையல் ஆட்களுக்குப் பெரியதாக ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அடித்துத் தர பத்து நாள் ஆகும் என்றார்.

வண்டி இன்றைக்கு வரைக்கும் 412 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நாளைக்கு ஆவடிக்கு ஒரு ட்ரிப் இருக்கிறது, போய் வந்தால் 500 நெருங்கிவிடும். நாளன்றைக்கு முகூர்த்தம், கொளத்தூரில் பெரிய ஆர்டர், காலை ஏழு மணிக்கே சாமான் வேண்டும் என்று கேட்டார்கள். நாளைக்கு ராத்திரியே இறக்கிவிடுகிறேன், காலையில் வண்டி வராது என்று சொல்லிவிட்டேன். எட்டு மணிக்கு அது பாய் பட்டறையில் யு போல்ட் முறுக்க நிற்கும். நானும் கூடப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா