பெத்தேன்: வெர்தனும் விஷியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் பிலிப் பெத்தேன் பற்றிய தங்கள் இதழின் கட்டுரை, முதல் உலகப் போரில், 1916இல், ஜெர்மானியர் தாக்கிய வெர்தன் கோட்டை நகரை அவருடைய மன உறுதியே காத்தது என்கிறது. 1940இல் ஜெர்மனியிடம் பணிந்து, விஷி நகரிலிருந்து ஆட்சி நடத்தி, அவர் செய்ததற்கோ அவருடைய 84 வயது முதுமையைக் காரணம் காட்டுகிறது. இரண்டையும் ஏற்க முடியவில்லை.

வெர்தனைக் காத்தது சாலை. அந்நகருக்குச் சென்ற இரண்டு பெரிய ரயில் பாதைகளில் ஒன்று துண்டிக்கப்பட்டுவிட்டது, மற்றது ஜெர்மானியப் பீரங்கி வீச்சுக்குள் கிடந்தது. மிஞ்சியவை பார்-லெ-டுக் என்ற ஊரிலிருந்து வரும் ஒரு குறுகிய ரயில் பாதையும் ஏழு மீட்டர் அகலச் சாலையும்தான். சாலையை லாரிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். குதிரை வண்டிகளுக்கு அதில் இடமில்லை. லாரி பழுதாகி நின்றால் ஓரப் பள்ளத்தில் தள்ளிவிட்டு அடுத்தது போகும். பிப்ரவரி இறுதியில் பனி உருகி, சாலை சேறாகிவிட்டது. பக்கத்திலேயே கல் குவாரிகளைத் திறந்து, வயதில் மூத்த சேமப்படையினர் ஓடும் சக்கரங்களுக்கடியில் இரவு பகலாக ஜல்லியை வாரிப் போட்டார்கள். ரோடு ரோலருக்கு நேரமில்லை. கெட்டி ரப்பர் டயர்களே ஜல்லியை அழுத்தின. உச்சத்தில் 14 நொடிக்கு ஒரு லாரி ஓடியது. பெத்தேன் பொறுப்பேற்கும் முன்பே இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவர்களில் தூமாங்க் என்ற அதிகாரியின் பெயரையாவது கட்டுரை சொல்லியிருக்கலாம்.

பெத்தேனின் சொந்தப் பங்கு வேறு. படை டிவிஷன்கள் சிதையும்வரை காத்திராமல் அவற்றை மாற்றி மாற்றி அனுப்பினார். அதனால் பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி வெர்தனில் போரிட்டது, அவர் பெயரும் ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்தது. 1917இல் பிரெஞ்சு வீரர்கள் கலகம் செய்தபோது அவர்களின் சாப்பாட்டையும் விடுப்பையும் சீர்செய்தவர் அவர்தான். மரண தண்டனைகளும் அப்போது நிறைவேறின.

இப்படிச் சின்ன விஷயத்தையும் விடாமல் பார்த்தவர், 1940 அக்டோபர் 3ஆம் தேதியிட்ட, யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கிய யூதர் சட்டத்தை மட்டும் படிக்காமலா கையெழுத்திட்டார்? அதன் வரைவு 2010இல் வெளிவந்தது. 1860க்கு முன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற யூதர்களின் வழிவந்தோருக்கு இருந்த விலக்கை அவர் கைப்பட அடித்திருக்கிறார். நீதித்துறையிலும் கல்வித்துறையிலும் தடையை விரிவாக்கியிருக்கிறார். தள்ளாமையில் நடுங்கிய கையின் வேலையா இது? 1942 ஜூலையில் பாரிசில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்துச் சென்றதும் அவருடைய அரசின் போலீஸ்தான்.

வேறு வழியில்லை என்ற வாதமும் நிற்காது. 1940 ஜூலை 10 அன்று அவருக்கு முழு அதிகாரம் தர 80 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மறுத்து வாக்களித்தனர். புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன் அந்த செப்டம்பரிலேயே லண்டனிலிருந்து ஜெர்மனியை எதிர்த்த தளபதி தெ கோல் பக்கம் சேர்ந்தார்.

அந்த வரைவுப் பக்கத்தின் படத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

— வாசகர், புதுச்சேரி