இவர் ரோடு கடந்த கதை

மயிலாடுதுறை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஜெயா,

நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில் இது. திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. பேபிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அவளுக்குத் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லிவை. சுண்டைக்காய் வற்றல் வந்து சேர்ந்தது, பாதி தீர்ந்தும் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வியட்நாம் போய்விட்டு வந்துவிட்டோம். சிரிக்காதே. பூதலூரைத் தாண்டினால் தலை சுற்றும் என்று நீ கேலி பண்ணுவாயே, அதே மனுஷனோடுதான் போனேன். சின்னவன் டிக்கெட் எடுத்து, ஈ-விசாவுக்கு ஆளுக்கு 25 டாலரையும் கட்டிவிட்டுத்தான் சொன்னான். கட்டின காசு திரும்பி வராது என்று தெரிந்ததும் இவர் பேசாமல் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார். கொல்கத்தாவில் மாறி ஹனோய், அப்புறம் டா நாங், ஹோய் ஆன், கடைசியாக சைகோன். அதற்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் வாயில் சைகோன்தான் வருகிறது.

முதல் அமர்க்களம் பணத்தில். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறத்தாழ 300 டாங். ஏ.டி.எம்.மில் முப்பது லட்சம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாரே, நடையே மாறிவிட்டது. எல்லா நோட்டிலும் ஹோ சி மின் முகம்தான். 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். கள்ள நோட்டைத் தொட்டே கண்டுபிடிப்பேன் என்று காலமெல்லாம் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்து பெருமை அடித்தவர், ஹோன் கியெம் ஏரிக்கரையில் அன்னாசித் துண்டு விற்றவளிடம் எந்த நீலத்தைக் கொடுத்தார் என்று நான் சொல்ல வேண்டாம். ராத்திரி ரூமில் கணக்கு எழுதும்போதுதான் உறைத்தது. அன்னாசி, ஆயிரத்து அறுநூறு ரூபாய். அதற்கப்புறம் நோட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் கொடுப்பது: பின்பக்கம் பாலம் இருந்தால் இருபதாயிரம், வீடு இருந்தால் ஐந்து லட்சம். அந்தப் பாலம் ஹோய் ஆனில் இருக்கிறது, ஜப்பான்காரர்கள் கட்டினது. நேரில் பார்த்தபோது நோட்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்தார் என்றால் நம்புவாயா?

சாப்பாட்டுக் கஷ்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீரையில் கூட மீன் சாறு ஊற்றுகிறார்கள். ஆனால் நம்மவர்கள் மாதிரியே அமாவாசை, பௌர்ணமிக்குச் சைவம் சாப்பிடுகிற பௌத்தர்கள் நிறையப் பேர், அதனால் சைவக் கடை தேடினால் கிடைக்கிறது. பட்டினி இல்லை. காபிதான் விசேஷம். கிளாஸ் தலையில் குட்டி அலுமினிய பில்டரை உட்கார்த்தி வைத்துவிடுகிறார்கள், டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக நம் கண் முன்னால் இறங்குகிறது, அடியில் கண்டென்ஸ்டு மில்க். இவர் சொக்கிப் போனார். ஹனோயில் முட்டைக் காபி என்று ஒன்று இருக்கிறது. 1946-இல் பால் கிடைக்காத காலத்தில் ஒருவர் மஞ்சள் கருவை அடித்து நுரையாக்கிப் போட ஆரம்பித்ததாம். பக்கத்து மேஜைக்கு வந்ததைக் கைகாட்டி அதையே வாங்கிக்கொண்டார். "ஏங்க, அது முட்டைங்க, முட்டை!" என்று கத்துகிறேன். "மட்டமா? எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வழித்துக் குடித்தார். இன்று வரை அது என்னவென்று அவருக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

காது விஷயம் உனக்குத் தெரியும். போன தீபாவளிக்கே நீ கவனித்தாய், நான்தான் பேச்சை மாற்றினேன். அதைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன்.

ஹனோயில் ரோடு கடப்பது ஒரு வித்தை. மோட்டார் சைக்கிள் வெள்ளம் ஓயவே ஓயாது, ஓயும் என்று காத்திருந்தால் ஹோட்டலுக்கே திரும்ப வேண்டியதுதான். இறங்கி ஒரே சீராக நடக்க வேண்டும். ஓடக் கூடாது, நிற்கக் கூடாது, முக்கியமாகப் பின்வாங்கக் கூடாது. வண்டிக்காரன் நம் நடையைக் கணக்குப் பண்ணி விலகிப் போய்விடுவான். எனக்கு ஒவ்வொரு ஹாரனுக்கும் கால் பின்னிக்கொண்டது. இவரோ மாப்பிள்ளை அழைப்பில் வருகிற மாதிரி நிதானமாக நடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "பயப்படாம வரணும்டி" என்று எனக்கே உபதேசம். தைரியமாவது ஒன்றாவது! ஹாரன் கேட்டால்தானே பயப்படுவதற்கு.

பைக்காரன் விலகுவான் ஜெயா, பஸ்காரன் விலக மாட்டான். பழைய ஊர்த் தெருக்களிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு பெரிய ரோடு. சாயங்காலம். நான் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன், இவர் வழக்கம்போல இறங்கிவிட்டார். திருப்பத்திலிருந்து பஸ் வருகிறது, விடாமல் ஹாரன் அடிக்கிறான். இவர் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஊரில் பெண்கள் சைக்கிள் கேரியரில் கூடை கட்டிப் பூ விற்றுக்கொண்டு போவார்கள். அப்படி ஒருத்தி, சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடிப்போய், பின்னாலிருந்து இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்தது. பஸ் உரசினாற்போல் போனது. ரோஜாவெல்லாம் ரோட்டில்.

இவர் என்ன பண்ணினார் தெரியுமா? திரும்பி, சிரித்த முகமாக, "வேண்டாம்மா, பூ வேண்டாம்" என்று கையை ஆட்டினார். வியாபாரத்துக்குச் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பஸ் போனதே தெரியவில்லை அவருக்கு.

நான் எப்படி அந்த ரோட்டில் இறங்கி அவர்களிடம் போனேனோ. அவள் கையில் ஒரு நோட்டைத் திணித்தேன். எந்த நீலம் என்று பார்க்கவில்லை. "இப்ப எதுக்கு இவ்வளவு பூ?" என்று கேட்டார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை நான். அவர் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

இது பயந்த கதை. இன்னொன்று இருக்கிறது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீ புரிந்துகொள்வாய்.

ஹோய் ஆனில் தெருவுக்குத் தெரு தையல் கடை. காலையில் அளவு கொடுத்தால் மறுநாள் கையில் தந்துவிடுகிறார்கள். அங்கே பேரம் எல்லாம் கால்குலேட்டரில்தான். அவர்கள் ஒரு எண்ணைத் தட்டி நீட்டுவார்கள், நாம் அதை அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டி நீட்ட வேண்டும். இவர் ஒரு சட்டைக்கு அரை மணி நேரம் தட்டினார். கடைக்காரியும் சிரிக்கிறாள், இவரும் சிரிக்கிறார். கடைக்காரியின் அப்பா, நம் வயதுதான் இருக்கும், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ கொடுத்தார். இரண்டு கிழவர்களும் கையாலும் புருவத்தாலும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பேரன் பேத்தி, முட்டி வலி, சம்பளம், பென்ஷன் எல்லாம் ஆயிற்று. நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தால் பகீரென்றது.

அங்கே யார் பேசுவதும் எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவதும் அவர்களுக்குப் புரியாது. எல்லாருமே முகத்தைப் பார்த்து, கையைக் காட்டி, எழுதிக் காட்டித்தான் பேச வேண்டும். இவருக்குக் கேட்கவில்லை என்பது அங்கே ஒரு குறையே இல்லை. நம் ஊரில்தான் குறை. கல்யாணத்துக்கு வா என்றால் "கூட்டம், எனக்கு ஒத்துக்காது" என்கிறார். குழந்தை போனில் தாத்தா என்று கூப்பிட்டால் "சிக்னல் சரியில்லை" என்று என்னிடம் நீட்டிவிடுகிறார். சீட்டுக் கச்சேரி நின்றுபோனது, கோயில் திண்ணை நின்றுபோனது. வயசானால் மனுஷன் இப்படித்தான் ஒடுங்கிவிடுவான் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். சுபாவம் அப்படி மாறவில்லை ஜெயா. அந்தத் தையல் கடை ஸ்டூலில் பழைய ஆள் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மி சன் போனோம். ஹோய் ஆனிலிருந்து நாற்பது கிலோமீட்டர், சுற்றிலும் மலை, நடுவில், முன்பு அந்தப் பக்கத்தை ஆண்ட சம்பா ராஜாக்கள் கட்டின சிவன் கோயில்கள். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் தன் பெயரையே சேர்த்து பத்ரேஸ்வரர் என்று ஸ்வாமிக்குப் பெயர் வைத்தானாம். எல்லாம் செங்கல். இடையில் சாந்து பூசின அடையாளமே தெரியவில்லை, இவர் நகத்தை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. எழுபதுக்கு மேல் இருந்த கட்டடங்களில் சுமார் இருபதுதான் மிச்சம். இருந்ததிலேயே பெரிய கோபுரம் 1969 ஆகஸ்டில் அமெரிக்க குண்டில் போய்விட்டது. குண்டு விழுந்த பள்ளங்களில் புல் முளைத்துக் கிடக்கிறது. நம் தொல்லியல் துறை அங்கே புதுப்பிக்கும் வேலை செய்தபோது 2020-இல் ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் கிடைத்ததாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? இவர்தான் சொன்னார். சின்னவன் கொடுத்த அச்சுத் தாளை ராத்திரியெல்லாம் படித்துவிட்டு, வழி நெடுக, பஸ்ஸில், வெயிலில், ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு இடத்தில் கூட "போதும்" என்று சொல்லவில்லை. என் பொறுமையை நீ அறிவாய்!

சைகோனில் ஒரு மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவில் நம் ஆட்கள் கட்டினது. இப்போது கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்களும் சீனர்களும்தான். பெண்கள் கருவறைக்குப் பின்னால் போய், கல் சுவரில் முகத்தைப் பதித்து, வேண்டுதலைச் சுவரிடமே முணுமுணுக்கிறார்கள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் இவர். "உங்களுக்குக் கேக்காது, அம்மனுக்குக் கேக்கும்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். இது மட்டும் காதில் விழுந்துவிட்டது போல. முகம் சுண்டிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப மோசமாவா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் பேசவில்லை. பஸ் கதையை அப்போதுதான் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் பழையபடி ஈஸிசேரும் பேப்பரும். முன்பு டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட் அலமாரியில் துணிக்கடியில் கிடக்கிறது. வயசானால் மேல் ஸ்தாயிச் சத்தம்தான் முதலில் போகும், அதனால்தான் பெண்கள், குழந்தைகள் பேசுவது பிடிபடுவதில்லை என்று டாக்டர் அப்போதே சொன்னார். கவனிக்காமல் விட்டால் ஞாபக மறதி வரை கொண்டுபோய் விடலாம் என்றும் எச்சரித்தார். மெஷின் விலையைக் கேட்டதும் இவர் எழுந்து வந்துவிட்டார். விலை ஒரு சாக்கு. காதில் மெஷின் மாட்டினால் கிழவன் என்பார்களாம்! இல்லாவிட்டால் குமரன் என்றா சொல்கிறார்கள்?

நான் சொன்னால் நடக்காது. ஆண் குரல் கொஞ்சம் ஏறுகிறது, அதிலும் உன் அண்ணா பேச்சென்றால் வேதம். அண்ணா மெஷின் மாட்டிக்கொண்ட புதிதில் பாத்திரம் வைக்கிற சத்தமெல்லாம் இடி மாதிரி இருக்கிறது என்று கழற்றி வீசினாரே, அப்புறம் எப்படிப் பழகினார், எங்கே வாங்கினார், எவ்வளவு ஆயிற்று, எல்லாம் கேட்டு எழுது. தை மாசக் கல்யாணத்துக்கு எப்படியாவது இவரை இழுத்துக்கொண்டு வருகிறேன். பந்தியில் அண்ணாவை இவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது உன் பொறுப்பு. நான் சொல்லித்தான் நடக்கிறது என்று தெரியவே கூடாது, தெரிந்தால் பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிடுவார்.

உனக்கு அந்தக் குட்டி பில்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காபிப் பொடி கேட்காதே, அது முடிந்துவிட்டது.

அன்புடன்,
உன் ராஜி