தனியா வேணாம்னு சொன்னவனுக்கு

மச்சான்,

பதில் போட லேட்டாயிடுச்சு, திட்டாத. இங்க எல்லாரும் சுகம், பொண்ணு வேலைல சேந்துட்டா, என் முட்டி வலி மட்டும் போற மாதிரி தெரியல. சரி அது கெடக்கட்டும். மீட்டிங்ல அத்தன பேரும் சரின்னு தலையாட்டுனப்போ நீ ஒருத்தன் மட்டும் வேணாம்னு சொன்ன, தீர்மானம் எப்படியும் பாஸாயிடுச்சு, இப்ப எவனும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறான், இதனால என்னடா பிரயோஜனம்னு கேட்டிருந்த.

1951ல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் ப்ரொபசர் ஒரு டெஸ்ட் வச்சாரு. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்துல இருக்குற மூணுல எது இதே நீளம்னு கேப்பாங்க, சின்னப் புள்ள கூட சொல்லிடும். ரூம்ல ஒருத்தரத் தவிர மத்தவங்க எல்லாம் செட்டப். அந்த செட்டப் ஆளுங்க வரிசையா தப்பா சொல்ல சொல்ல, விஷயம் தெரியாம வந்தவங்களும் மூணுல ஒரு தடவைக்கு மேல அதே தப்பச் சொல்லியிருக்காங்க. செட்டப் ஆளுல ஒருத்தர மட்டும் சரியா சொல்ல வச்சதும் அந்தத் தப்பு கால்வாசியா கொறஞ்சிடுச்சு. எனக்குப் புடிச்சது என்னன்னா, அந்த ஒருத்தர் இன்னும் மோசமான கோட்டைக் காட்டுனப்பக் கூட இவங்களுக்கு வாய் தொறக்க தைரியம் வந்துச்சு. அதனால நீ சொன்னது சரியா தப்பாங்கறது ரெண்டாம் பட்சம், எல்லாரும் ஒரே பேச்சுங்கற கட்டு அவுந்துச்சுல்ல.

அதுக்காக எதுக்கெடுத்தாலும் குறுக்க பேசுறவன நான் தூக்கி வச்சுக் கொண்டாட மாட்டேன், அவன் வாய் தொறந்தாலே ஜனம் காதப் பொத்திக்கும். நீ அந்த ரகம் இல்ல.

சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் எச்.ஆர். கன்னா ஞாபகம் இருக்கா? எமர்ஜென்சில, 1976ல, விசாரணை இல்லாம உள்ள புடிச்சுப் போடப்பட்டவங்க கோர்ட்டுக்கே வர முடியாதுன்னு நாலு ஜட்ஜ் சொன்னாங்க, அவர் மட்டும் ஒத்துக்கல. அடுத்த வருஷம் தலைமை நீதிபதி பதவி அவருக்கு ஜூனியருக்குப் போச்சு, மனுஷன் ராஜினாமா பண்ணிட்டாரு. அந்தத் தீர்ப்பத் தப்புன்னு அதே சுப்ரீம் கோர்ட் 2017ல தூக்கிப் போட்டுச்சு. அவர் எதிர்ப்ப காரணத்தோட எழுதி வச்சிருந்ததாலதான் பின்னாடி வந்தவங்க அத எடுத்துப் படிக்க முடிஞ்சுது.

அதனால ஒண்ணு பண்ணு, அந்த மீட்டிங் மினிட்ஸ வாங்கிப் பாரு. ‘ஏகமனதாக’ன்னு போட்டிருந்தாங்கன்னா விடாத, ஒருத்தர் எதிர்த்தாருன்னு காரணத்தோட சேக்கச் சொல்லி லெட்டர் குடு. என்ன சொன்னாங்கன்னு எழுது.